22 பேருக்கு கல்யாண செட் துணி, பட்ஜெட்டுக்குள்ள: கேஎல்ல (கோலாலம்பூர்ல) நாங்க செஞ்ச முறை, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்

எங்க தங்கச்சி கல்யாணத்துல தட்டு தூக்கவும் மணவறை வரைக்கும் கூட நடந்து வரவும் 12 பொண்ணுங்க, 6 பையனுங்க, 4 சின்னப் பிள்ளைங்க, மொத்தம் 22 பேரு. இவங்க எல்லாருக்கும் துணி எடுத்து, தைக்கக் கொடுத்து, நகை பூ எல்லாம் பார்த்து, முகூர்த்தத்தன்னிக்கு விடியக்காலைல கட்டி விட்டு அனுப்புற வரைக்கும் என் பொறுப்பு, அக்காங்கிறதால. அம்மா என் கையில கொடுத்தது 2500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). 2426 வெள்ளில முடிஞ்சது. எப்படின்னு ஒண்ணு விடாம எழுதுறேன், ஏன்னா இப்ப எங்க சொந்தத்துலயே இன்னும் ரெண்டு வீட்டுல கல்யாணம் வருது, ரெண்டு பேரும் போன் போட்டு இதையேதான் கேக்குறாங்க.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். பொண்ணு கூட நிக்க வர்றவங்க யாரும் அதுக்காக கடன் வாங்கக் கூடாது. கீழ நான் சொல்ற எல்லா முடிவும் இதை மனசுல வச்சு எடுத்ததுதான்.

1. ஆள் கணக்கு, காசு கணக்கு (6 மாசம் முன்னாடி)

துணிக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி பொண்ணை உக்கார வச்சு ஒரு நோட்டுல பேர் எழுதுங்க. பேரு, என்ன முறை, எந்த ஊர்ல இருக்காங்க, மாசமா இருக்காங்களா, கைக்குழந்தைக்கு பால் கொடுக்குறாங்களா, பிள்ளைங்கன்னா என்ன வயசு. இதெல்லாம் பின்னாடி தையல்ல வந்து நிக்கும், அதனாலதான் இப்பவே எழுதச் சொல்றேன். எழுதி முடிச்சதும் ஒரு தேதி வச்சு லிஸ்டை பூட்டிடுங்க. எங்க வீட்டுல 9 பேர்ல ஆரம்பிச்சு, பெரியம்மா ஒரு பேர் சொல்ல மாமா ரெண்டு பேர் சொல்ல 12 ஆச்சு. துணி வெட்டுனதுக்கு அப்புறம் 13ஆவது ஆள் வந்தா அந்த ஒரு ஆளுக்கு மட்டும் அதே துணி தேடி அலையணும், காசு எகிறுறது அங்கதான்.

மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சியை இந்த செட்டுல சேர்த்துடாதீங்க. நாத்தனார் முடிச்சு போடுறவங்க, பொண்ணுக்குப் பின்னாடி நிக்கிறவங்க, அவங்களுக்கு தனியா தெரியுற மாதிரி சேலை இருக்கணும். என்ன கலர்னு அவங்களையே கேட்டுக்குங்க, மரியாதையும் கூட.

அடுத்தது காசு. இதை தயவு செஞ்சு வாட்ஸ்அப் குரூப்ல கேக்காதீங்க. குரூப்ல "ஆளுக்கு 280 வெள்ளி, ஓகேவா"ன்னு போட்டா எல்லாரும் கட்டைவிரல் தூக்கி காட்டிடுவாங்க, முடியாதவங்களும் சேர்த்துதான். முதல்ல நாங்க அப்படித்தான் ஒரு ரெடிமேட் லெஹெங்கா படம் போட்டோம், எல்லாரும் ஓகே சொன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு சின்ன அத்தை மகளை செந்தூல்ல ஒரு மமாக் கடைல (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பார்த்தேன், ஃபேக்டரி யூனிபார்மோட வந்திருந்தா. தே தாரிக் (ஆத்துன பால் டீ) ஆறிப் போற வரைக்கும் ஸ்பூனால கிளறிக்கிட்டே இருந்தா, அப்புறம் சொன்னா, "அக்கா, இந்த மாசம் ஓ.டி. (ஓவர்டைம்) எல்லாம் செஞ்சிட்டேன், பாதி இப்ப தந்துட்டு பாதி அடுத்த மாசம் தரட்டா?" அன்னிக்கு ராத்திரியே லெஹெங்கா ஐடியாவை விட்டாச்சு. 12 பேருக்கு அதுவே 3360 வெள்ளி ஆகியிருக்கும், அது வேற.

அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன் பண்ணேன். துணி, நகை, பூ எங்க செலவு, தையல் கூலி மட்டும் உங்களோடதுன்னு சொன்னேன். மூணு பேருக்கு அதுவும் கஷ்டம்னு பேச்சுலயே தெரிஞ்சது, அவங்க கூலியை நாங்களே கட்டிட்டோம். யாரு அந்த மூணு பேருன்னு எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும், தங்கச்சிக்குக் கூட சொல்லல.

2. என்ன உடுத்துறது

மூணு வழி இருக்கு, மூணும் நல்ல வழிதான், யாருக்கு எதுங்கிறதுதான் விஷயம்.

வீட்டுல இருக்குற சேலையை வச்சே செய்யலாம், ரொம்ப சிக்கனம் இதுதான். ஒரே சேலைன்னு இல்லாம ஒரே கலர் குடும்பம்னு வைங்க, மஞ்சள், மாம்பழக் கலர், குங்குமப்பூ கலர், துரு கலர் இப்படி. எல்லா அம்மா பீரோவுலயும் இந்தக் கலர்ல ஒரு பட்டு கண்டிப்பா இருக்கும். எல்லாருக்கும் ஒரே தங்கக் கலர் ரெடிமேட் ஸ்ட்ரெச் பிளவுஸ் மட்டும் வாங்கிக் கொடுத்தா போதும், படத்துல செட்டு மாதிரியே நிக்கும். பாதிக்கு மேல கல்யாணம் ஆன பொண்ணுங்கன்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

ரெண்டாவது, கடையில ஒரே டிசைன்ல 10, 12ன்னு செட் சேலை. சேலை விலையைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. 60 வெள்ளி சேலைக்கு பிளவுஸ் தைக்கிற கூலி, லைனிங், ஃபால்ஸ், பைகோ (ஓரத் தையல்) எல்லாம் சேர்ந்து சேலையை விட கூட வந்துடும். கணக்கு போடும்போது எப்பவும் உடுத்துற நிலைக்கு வந்த விலையைப் போடுங்க.

நாங்க எடுத்தது மூணாவது, பாவாடை தாவணி, மீட்டர் துணி எடுத்து தைக்கிறது. எங்க பொண்ணுங்க 16லேர்ந்து 27 வயசு, பாதி பேருக்கு சேலை கட்டி பழக்கம் இல்ல, தாவணின்னா நடக்கவும் தட்டு தூக்கவும் சுலபம். நாடா வச்ச பாவாடைங்கிறதால உடம்பு ஏறுனாலும் இறங்குனாலும் பிரச்சினை இல்ல. மாசமா இருந்த எங்க அண்ணி கூட அதே செட்டுல நின்னாங்க, அவங்களுக்கு மட்டும் பிளவுஸுக்கு முன் ஹூக், பக்கவாட்டுல கூட மார்ஜின்.

3. எப்ப எடுக்குறது

இங்க நம்ம காலண்டர் மட்டும் பார்த்தா பத்தாது. ஹரி ராயாவுக்கு (நோன்புப் பெருநாள்) முன்னாடி ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைத் தெருப் பக்கம் போனா நடக்கவே இடம் இருக்காது, தையக்காரங்களும் பல பேரு ஆர்டர் எடுக்குறதை நிறுத்திடுவாங்க. தீபாவளிக்கு முன்னாடி நம்ம லிட்டில் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ்ல அதே கதை. நடுவுல நமக்குன்னு ஆடி மாசம் இருக்கு. கல்யாணம் இருக்காது, தையக்கார அக்காமாருக்கும் கை கொஞ்சம் ஓய்வா இருக்கும், பேசி விலை குறைக்கலாம். எங்களுக்கு கல்யாணம் தை மாசம், துணி எடுத்தது ஆடில, தைச்சு முடிச்சது தீபாவளி கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி.

பையனுங்க குர்தாவுக்கு வேற நேரம், ஹரி ராயா முடிஞ்ச கையோட. பெருநாளுக்குன்னு இறக்குன பிளெயின் குர்தா மிச்சம் எல்லாம் விலை இறக்கி தொங்க விடுவாங்க, சைஸ் மட்டும் சீக்கிரம் போய்டும். கல்யாணம் பேசி முடிச்ச கையோட நாங்க போய் 6 எடுத்துட்டோம், ஒண்ணு 45 வெள்ளி.

4. எங்க எடுக்குறது

மீட்டர் துணிக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் மஸ்ஜித் இந்தியாவும்தான். மஸ்ஜித் ஜாமேக் எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம், கார்ல போனா பார்க்கிங்லயே பாதி நாள் போய்டும். வார நாள் காலைல போங்க, கடைக்காரருக்கும் ரோலை விரிச்சுக் காட்ட நேரம் இருக்கும். செட் சேலை, வளையல், கவரிங், பூ இதெல்லாம் பிரிக்பீல்ட்ஸ்ல, இல்ல கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானால பார்க்கலாம். ரெடிமேட் மொத்தமா வேணும்னா கெனங்கா ஹோல்சேல் சிட்டி இருக்கு, அங்க சில கடைல இத்தனை பீஸ் எடுத்தாதான் மொத்த விலைன்னு இருக்கும், முதல்லயே கேட்டுடுங்க. தட்டு, ரிப்பன், செலோபேன் பேப்பர் மாதிரி சாமான் மொத்தமா வாங்க கிள்ளான்ல ஜிஎம்னு ஒரு மொத்த விலைக் கடைத் தொகுதி இருக்கு.

ஆன்லைன்ல இந்தியாவுலேர்ந்து வரவழைக்கலாம்னு சில பேர் சொல்லுவாங்க. 2024 ஜனவரி 1லேர்ந்து 500 வெள்ளிக்கு மேல போகாத பொருளை வெளிநாட்டுலேர்ந்து ஆன்லைன்ல வாங்குனா 10 சதவீதம் விற்பனை வரி இருக்கு, அனுப்புற செலவு தனி. கலர் மாறி வந்தா திருப்பி அனுப்பவும் நேரம் இருக்காது. ஒண்ணு ரெண்டு பீஸ்னா பரவால்ல, 12 பேர் செட்டுக்கு நான் அந்தப் பக்கமே போகல.

5. துணி கணக்கு

இது ரொம்ப முக்கியம், கடைக்குப் போறதுக்கு முன்னாடி எழுதி எடுத்துட்டுப் போங்க. 44 இன்ச் அகலத் துணில நாங்க ஆளுக்கு எடுத்தது பாவாடைக்கு 3.5 மீட்டர், தாவணிக்கு 2.5, பிளவுஸுக்கு 1, லைனிங்குக்கு பாவாடையும் பிளவுஸும் சேர்த்து 3.5. ரொம்ப உயரமா இருக்குறவங்க, உடம்பு உள்ளவங்களுக்கு கூட வேணும், தையக்காரர்கிட்ட கேட்டுட்டுப் போங்க.

12 பேருக்கு வந்த கணக்கு:
பாவாடை 42 மீட்டர், மீட்டர் 12 வெள்ளி, 504
தாவணி 30 மீட்டர், 9 வெள்ளி, 270
பிளவுஸ் 12 மீட்டர், 10 வெள்ளி, 120
லைனிங் 42 மீட்டர், 4 வெள்ளி, 168
மொத்தம் 1062 வெள்ளி.

இப்ப நான் பட்ட கஷ்டத்தைக் கேளுங்க. பாவாடைக்கு மயில் கழுத்து கலர் எடுத்தோம். அந்த ரோல்ல 28 மீட்டர்தான் இருந்தது, 8 பேருக்கு. மிச்சம் 14 மீட்டர் அடுத்த வாரம் வரும், அதே கலர்தான்னு கடைக்காரர் சொன்னாரு, வந்தது, வாங்கிட்டு வந்து ரெண்டையும் சேர்த்தே தைக்கக் கொடுத்துட்டேன். டியூப் லைட் வெளிச்சத்துல ஒரு வித்தியாசமும் தெரியல. தைச்சு வந்ததும் வீட்டு வாசல்ல வெயில்ல கொடில வரிசையா மாட்டுனேன், 8 நீலமா மினுங்குது, 4 பச்சைக்கு இழுக்குது. அப்படியே வாசப்படில உக்காந்துட்டேன். ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் கலர் கொஞ்சம் மாறும், அதனால ரோல் வேறன்னா கலரும் வேறன்னு எடுத்துக்கணும், அது அப்ப எனக்குத் தெரியாது.

அதனால, முழு மீட்டரும் ஒரே ரோல்ல இருக்கான்னு அளந்து பார்த்துட்டு பேரம் பேசுங்க. இல்லன்னா வேற கலர் எடுங்க, எவ்வளவு பிடிச்சிருந்தாலும் சரி. கடை வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க, போன்ல ஃபிளாஷ் போட்டும் ஒரு படம் எடுங்க. மொத்தத்துக்கு மேல 2 மீட்டர் கூட வெட்டி வச்சுக்குங்க. ஏற்கனவே மாட்டிக்கிட்டீங்கன்னா நாங்க செஞ்சதைச் செய்யுங்க, ரெண்டு நீலம், ஒரு பச்சை, ரெண்டு நீலம், ஒரு பச்சைன்னு வரிசை பிரிச்சு நடக்க விட்டோம், வேணும்னே அப்படி எடுத்த மாதிரி இருந்தது. நாலு பச்சையையும் ஒரு ஓரமா சேர்த்து நிக்க வச்சா மட்டும்தான் தப்பா தெரியும்.

6. அளவு, தையல்

அளவு எடுக்குறது ஒரே ஆளு, ஒரே டேப்பு. ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லி நாசி லெமாக் வாங்கி வச்சு எடுத்து முடிச்சேன். மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கை சுத்தளவு, பிளவுஸ் உயரம், முன் கழுத்து, பின் கழுத்து, இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் பாவாடை உயரம். ஜோகூர்ல இருக்குற ரெண்டு பேரும் போன்ல அளவு அனுப்புனாங்க, ஒருத்தி இன்ச்ல, ஒருத்தி சென்டிமீட்டர்ல. அதெல்லாம் வேணாம், நல்லா பொருந்துற ஒரு அளவு பிளவுஸை போஸ்ட்ல அனுப்பச் சொல்லிடுங்க.

லைனிங் காட்டன்னா வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணில நனைச்சு காய வைக்கணும், இல்லன்னா முதல் தடவை துவைச்ச உடனே உள்ள சுருங்கி பிளவுஸ் இழுத்துக்கும். தையக்காரர் செய்வாருன்னு விடாதீங்க, கேளுங்க.

வீட்டுல வச்சு தைக்கிற ஒரு அக்காகிட்ட 12ஐயும் கொடுத்தோம், மொத்தமா கொடுத்ததால பிளவுஸும் பாவாடையும் சேர்த்து ஆளுக்கு 90 வெள்ளின்னு ஒத்துக்கிட்டாங்க. தையக்காரர் யாரா இருந்தாலும் இப்படிச் செய்ங்க: முதல்ல ஒரே ஒரு செட் தைச்சு வாங்கி போட்டுப் பாருங்க, கழுத்து இறக்கம், கை எல்லாம் பிடிச்சா மட்டும் மிச்சத்தை வெட்டச் சொல்லுங்க. அப்புறம் நாலு நாலா தேதி போட்டு வாங்குங்க, காசும் அதே மாதிரி நாலு நாலா கொடுங்க. பக்கவாட்டுல ரெண்டு பக்கமும் 1.5 இன்ச் மார்ஜின் உள்ள விடச் சொல்லுங்க, பின்னாடி நாடா வைங்க, 4 மாசத்துல உடம்பு மாறத்தான் செய்யும். கடைசி ஃபிட்டிங் கல்யாணத்துக்கு 3 வாரம் முன்னாடி, எங்களுக்கு மார்கழில ஆச்சு, 5 பிளவுஸ் பிரிச்சு விட வேண்டி வந்தது, மார்ஜின் இருந்ததால அன்னிக்கே முடிஞ்சது.

7. பையனுங்க, பிள்ளைங்க

பையனுங்களுக்கு குர்தாவும் ஒட்டிக்கோ வேட்டியும், ஆளுக்கு 75 வெள்ளி, மொத்தம் 450. வேட்டி கட்டத் தெரியும்னு சொல்லுவானுங்க, தட்டு தூக்கி மூணு படி ஏறுனா தெரியும், அதனால ஒட்டிக்கோதான். சின்னப் பிள்ளைங்க துணியை கடைசியா எடுங்க, 6 மாசத்துல வளர்ந்துடுவாங்க, பாவாடைல கீழ மடிப்பு விட்டு தைச்சது நல்லது. 4 பேருக்கும் 200 வெள்ளி.

8. நகை, வளையல், செருப்பு

கவரிங் செட்டு ஆளுக்கு 25 வெள்ளி, 300 ஆச்சு. ஒரே டிசைன் 12 கிடைக்காது, ஒரே கல் கலர் பாருங்க போதும். கண்ணாடி வளையல் வாங்கும்போது சைஸ் எழுதி எடுத்துட்டுப் போங்க. 2.4, 2.6, 2.8ன்னு சொல்லுவாங்க, 2.6ன்னா 2 இன்ச்சும், ஒரு இன்ச்சை 16 பங்கு வச்சா அதுல 6 பங்கும். எல்லாருக்கும் 2.6 வாங்கிட்டா கை பெருத்த பிள்ளை அன்னிக்கு காலைல சோப்பு போட்டு ஏத்தி அழுதுக்கிட்டு நிக்கும்.

செருப்புக்கு ஒரு காசு செலவு பண்ணாதீங்க. கோயில்ல கழட்டிடப் போறோம், பாவாடை தரை வரைக்கும் வருது.

9. பூ

ஆளுக்கு 2 முழம், 24 முழம் மல்லிகை, முழம் 6 வெள்ளின்னு 144. முகூர்த்த நாள், தைப்பூசம், தீபாவளி நேரம்னா விலை ஏறிடும், அதனால ஒரு வாரம் முன்னாடியே சொல்லி முன்பணம் கட்டி விலையைப் பேசிடுங்க. முந்தின நாள் சாயந்தரம் மொட்டா வாங்கி, ஈரத்துணி இல்ல வாழை இலையில சுத்தி ஃபிரிட்ஜ்ல கீழ் தட்டுல வைங்க, காலைல வரைக்கும் வாடாம இருக்கும்.

10. முகூர்த்தத்தன்னிக்கு காலைல

மேக்கப் போடுறவங்க தலைக்கு காசு கேப்பாங்க, அதனால பொண்ணுக்கும் ரெண்டு அம்மாக்களுக்கும் மட்டும் ஏற்பாடு பண்ணி, கூட நின்ன 12 பொண்ணுங்களும் அவங்களே போட்டுக்கிட்டாங்க. நேரத்தைக் கணக்கு பண்ணுங்க. ஒருத்தருக்கு தாவணி மடிச்சு குத்தி முடிக்க 20 நிமிஷம்னா 12 பேருக்கு 4 மணி நேரம், ஒரே ஆள் கட்டுனா நடுராத்திரில ஆரம்பிக்கணும். முந்தின நாள் ராத்திரியே தாவணி எல்லாத்தையும் அயர்ன் போட்டு, மடிப்பு எடுத்து, துணி கிளிப் போட்டு, பேர் எழுதி ஹேங்கர்ல மாட்டிட்டோம். காலைல ஆளுக்கு 7 நிமிஷம்தான் ஆச்சு, அதுவும் கட்டி விட ரெண்டு பேர் இருந்தோம்.

துணி மாத்துறதுக்கு முன்னாடி எல்லாரையும் சாப்பிட வைங்க, பழைய டி-சர்ட்லயே. சம்பல் ஒரு சொட்டு பட்டா போகாது. ஒரு பையில ஊக்கு 100, நூல் கோத்த ஊசி, ஹூக், ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப், ஹேர்பின், சின்ன அயர்ன். தட்டு ஒத்தப்படைல வைப்போம்ல, எந்தத் தட்டு யாருக்குன்னு அடில பேர் ஒட்டுங்க, பழத்தட்டு கனமா இருக்கும், அதெல்லாம் பையனுங்க கைக்கு.

மொத்தக் கணக்கு இது: துணி 1062, நாங்க கட்டுன மூணு பேர் கூலி 270, பையனுங்க 450, பிள்ளைங்க 200, நகை 300, பூ 144. எல்லாம் 2426 வெள்ளி.

11. முடிஞ்சதும்

வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குன நகை இருந்தா ஹால்லேர்ந்து கிளம்புறதுக்கு முன்னாடியே பேர் எழுதுன ஜிப் பையில வாங்கி எண்ணிடுங்க, ஒத்தைக் கம்மல் காணாம போனா அங்கேயே தேடலாம், டெபாசிட்டும் திரும்பி வரும். எங்க நெத்திச்சுட்டி ஒண்ணு பாயாசக் கப்புக்குப் பக்கத்துல கிடந்தது. கூட வெட்டி வச்ச அந்த 2 மீட்டரை தூக்கிப் போடாதீங்க, யாராவது பாவாடை கிழிஞ்சுதுன்னு வருவாங்க, எங்ககிட்ட ரெண்டு பேர் வந்துட்டாங்க.